சுருதியைக் கலைக்க ஒரு குமிழ், கட்டிப்போட ஒரு பொத்தான்

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரே அறையில் இரண்டு இசைப் பாடம் நடக்கிறது. சனிக்கிழமை காலை பாட்டு வகுப்பு. சாயங்காலம் அதே பிள்ளை மடிக்கணினியில் ஏதாவது ஒரு சின்தசைசர் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருக்கும். காலையில் பாட்டு டீச்சர் "சுருதி விலகுது, சரியாப் பிடி" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். சாயங்காலம் திரையை எட்டிப் பார்த்தால் 'டிட்யூன்' என்று ஒரு குமிழ்! சுருதியை வேண்டுமென்றே விலக்குவதற்கென்று மெனக்கெட்டு ஒருத்தர் செய்து வைத்த குமிழ். பக்கத்திலேயே 'சிங்க்' என்று ஒரு பொத்தான். "இதுல எதுப்பா சரி?" என்று பிள்ளை கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம்.

இந்தக் குமிழும் பொத்தானும் எங்கிருந்து வந்தன, நம்ம ஊர்ப் பாட்டுக்குள் எப்படி நுழைந்தன, வந்ததால் யாருக்கு என்ன ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டு மீனாட்சிபுரம்

எனக்கு ஊர் மீனாட்சிபுரம். எந்த மீனாட்சிபுரம் என்று உடனே கேட்பீர்கள். கேரள எல்லையை ஒட்டி அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் உண்டு. என்னுடையது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், எல்லைக் கோட்டைத் தாண்டியதும் வருவது. இன்னொன்று தேனி மாவட்டத்தில் போடி பக்கம், இடுக்கி மலைக்கு இந்தப் புறம்.

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு எல்லையும் முக்கியம். எங்கள் பக்கம் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அந்தப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. இரண்டு பேரும் ஹார்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு மெட்டுப் போட்டவர்கள். இரண்டு பேரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது கோடம்பாக்கம். அவர்கள் பெயர் பின்னால் மறுபடி வரும்.

எல்லையில் வளர்ந்தால் காதுக்கு ஒரு லாபம் உண்டு. கிழக்கே போனால் கோயிலில் நாதஸ்வரக் கச்சேரி. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், கூடவே விடாமல் ஒலிக்கும் ஒத்து (பிற்காலத்தில் அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது). மேற்கே போனால் செண்டை மேளம். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தறை மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள்.

இரண்டிலும் ஒரு பொது ரகசியம் இருக்கிறது. இரண்டு நாதஸ்வரமும் ஒரே ஸ்வரத்தைத்தான் ஊதுகின்றன. ஆனால் சீவாளி வேறு, மூச்சு வேறு, உதடு வேறு. மயிரிழை வித்தியாசம் இருந்தே தீரும். நூறு செண்டைக்காரர்கள் ஒரே அடியைத்தான் அடிக்கிறார்கள். ஆனால் நூறு குச்சியும் ஒரே நொடித்துளியில் தோலைத் தொடுவதில்லை. அந்த மயிரிழை வித்தியாசத்தால்தான் அது ஒரு கூட்டத்தின் ஓசையாகக் கேட்கிறது. நூறு பேரும் இம்மி பிசகாமல் ஒன்றாக அடித்தால் ஒரே ஒரு பெரிய செண்டையை யாரோ அடிப்பது போலத்தான் இருக்கும்.

டிட்யூன் குமிழ் செய்கிற வேலை முழுக்க இந்தப் பத்தியிலேயே அடங்கிவிட்டது. மீதியெல்லாம் கணக்கும் வரலாறும்.

துடிப்பு என்ற கணக்கு

சின்தசைசரில் சத்தத்தைப் பிறப்பிக்கும் பகுதிக்கு ஆசிலேட்டர் என்று பெயர். நொடிக்கு இத்தனை முறை என்று மின்சாரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 220 முறை என்றால் நம் கணக்கில் ஆறு கட்டை.

இரண்டு ஆசிலேட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று 220, இன்னொன்று 221. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை தட்டுவது மாதிரிதான். ஒருத்தர் நிமிடத்துக்கு 60, மற்றவர் 61. சேர்ந்து ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிவார்கள், நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி ஒன்று சேர்வார்கள். ஒலியில் அப்படிச் சேரும்போது சத்தம் கூடும், எதிரெதிராக வரும்போது குறையும். 220க்கும் 221க்கும் வித்தியாசம் 1. ஆகவே நொடிக்கு ஒரு முறை 'உம்ம்...உம்ம்...' என்று ஓசை ஏறி இறங்கும். இதைத்தான் துடிப்பு என்கிறோம், இயற்பியல் புத்தகத்தில் விம்மல் என்று படித்திருப்பீர்கள். விம்மல் என்பது எவ்வளவு சரியான சொல் என்பது கேட்டால்தான் தெரியும்.

விலகலைக் குமிழில் 'சென்ட்' என்ற அளவில் குறித்திருப்பார்கள். ஒரு ஸ்தாயியை 1200 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு சென்ட். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே 100 சென்ட். 5 சென்ட் விலகினால் 220இல் துடிப்பு நொடிக்கு அரை முறைக்குக் கொஞ்சம் மேல். அதே 5 சென்ட் 880இல் நொடிக்கு இரண்டரை முறை. மேலே போகப் போகத் துடிப்பு வேகமாகும். ஒரே குமிழ் அளவு அடி ஸ்தாயியில் சுகமாகவும் மேல் ஸ்தாயியில் நடுக்கமாகவும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இந்தத் துடிப்பை வைத்துத்தான் இனிமை, கடுமை இரண்டையும் விளக்கினார். மெதுவான துடிப்பு அலை போலக் கேட்கும். வேகம் கூடக் கூட அது கரகரப்பாக மாறும்.

தம்புரா மீட்டத் தெரிந்தவர்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவில் உள்ள இரண்டு சாரணித் தந்தியும் ஒரே ஸட்ஜம். மணியை நகர்த்தி நகர்த்தி, விம்மல் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்று போகும் இடத்தில் கையை எடுப்பார்கள். விம்மல் நின்றால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம். நம் சங்கீதம் காதுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சியே துடிப்பைக் கண்டுபிடித்து ஒழிப்பதுதான்.

அப்படியானால் டிட்யூன் நமக்கு எதிரியா? அவசரப்பட வேண்டாம். உலகத்தில் வேறு பல பேர் இதே துடிப்பைக் கண்டுபிடித்து, வளர்த்திருக்கிறார்கள். பாலித் தீவின் கமலான் இசைக்குழுவில் வெண்கலக் கருவிகளை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றை மற்றொன்றைவிடக் கொஞ்சம் கூடுதலான சுருதிக்குத் தட்டி வைப்பார்கள். ஜோடி சேர்ந்து ஒலிக்கும்போது வரும் துடிப்புக்கு 'ஓம்பாக்' என்று பெயர், அந்த ஊர் மொழியில் அலை. அலை இல்லாவிட்டால் கருவி செத்துப் போய்விட்டது என்பார்கள். பிரெஞ்சு அக்கார்டியனில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு மூன்று ரீடு வைத்து லேசாக விலக்குவார்கள். ஐரோப்பிய தேவாலய ஆர்கனில் 'வானத்துக் குரல்' என்றே ஒரு வரிசை உண்டு. வேண்டுமென்றே விலக்கிய குழாய்கள்தான் அவை.

ஆக, டிட்யூன் ஒன்றும் சின்தசைசர்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. அவர்கள் அதை ஒரு குமிழுக்குள் அடைத்தார்கள்.

ஒற்றைக் குரலாக வந்த மகுடி

இந்தியக் காதுகள் எலக்ட்ரானிக் கீபோர்டைப் பெரிய அளவில் கேட்டது 1954இல், வைஜயந்திமாலா நடித்த 'நாகின்' இந்திப் படத்தில். இசை ஹேமந்த் குமார். ஊரையே ஆட வைத்த அந்த மகுடி ஓசை மகுடியே இல்லை. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவராகப் புகழ் பெற்ற கல்யாண்ஜி வாசித்த க்ளாவியோலின் அது. கூடவே ஹார்மோனியம் வாசித்தவர் ரவி, அவரும் பிறகு இசையமைப்பாளர் ஆனார்.

க்ளாவியோலின் 1947இல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கியது. வால்வு வைத்த கருவி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். இன்னொரு ஆசிலேட்டரை விலக்கி வைத்துக் கனம் சேர்க்கும் வசதி அதில் இல்லை. பக்கத்தில் ஹார்மோனியம் ஒலிக்கும்போது கிடைக்கிற அந்தக் கனம், இரண்டு கருவி, இரண்டு மனிதர் என்பதால் கிடைத்த கனம். குமிழ் வருவதற்கு முன்னால் டிட்யூன் செய்ய இன்னொரு ஆளை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அகமதாபாத்துக்கு வந்த மோக்

அமெரிக்காவில் ராபர்ட் மோக் 1964இல் தன் முதல் சின்தசைசர் மாதிரிகளைச் செய்தார். அலமாரி மாதிரி இருக்கும், தொலைபேசி இணைப்பகம் போல முழுக்க வயர்கள். ஆசிலேட்டர் எத்தனை வேண்டுமோ அத்தனை வாங்கி அடுக்கிக்கொள்ளலாம்.

இதில் ஒன்று இந்தியாவுக்கு வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் நிறுவப்பட்டது. அமைத்துக் கொடுக்க வந்தவர் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர். இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கீதா சாராபாய். பகாவஜ் வாசிக்கத் தெரிந்தவர். 1946இல் நியூயார்க் போய் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்து, பதிலுக்கு மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். அந்த ஸ்டுடியோவில் 1972 வரைக்கும் கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் நாடாக்களில் சோதனை செய்து பார்த்தார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். பல பத்தாண்டுகள் கழித்து பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அந்த நாடாக்களைத் தேடி எடுத்தார். 2023இல் அது ஒரு இசைத் தொகுப்பாகவே வெளிவந்தது. இந்தியாவில் சின்தசைசர் சினிமா வழியாகத்தான் வந்தது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

அந்தக் காலத்து மோக் ஆசிலேட்டர்களுக்கு ஒரு குணம் உண்டு. அறை சூடானால் சுருதி நகரும், குளிர்ந்தாலும் நகரும். 1968இல் மோக்கில் பாக்கின் இசையை வாசித்து உலகப் புகழ் பெற்ற வெண்டி கார்லோஸ், திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்தே ஒலிப்பதிவு செய்ய வேண்டியிருந்தது. மூன்று ஆசிலேட்டர்களைச் சேர்த்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் மூன்றும் மூன்று பக்கம் போகும். தொல்லைதான். ஆனால் கேட்டவர்கள் சொன்னது வேறு: "என்ன கனம்! என்ன உயிர்!"

1970இல் வந்த மினிமோக்கில் மூன்று ஆசிலேட்டர். இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனியாக விலக்க முன்பக்கத்திலேயே குமிழ். தானாக நடந்துகொண்டிருந்த தொல்லை, ஆள் கட்டுப்படுத்தக்கூடிய வசதியாக ஆனது இப்படித்தான்.

அடுத்து வந்த கருவிகளில் இந்தக் கூத்து இன்னும் வேடிக்கை. 1978இல் டேவ் ஸ்மித் கொண்டுவந்த ப்ராஃபெட்-5இல் ஒரு 'ட்யூன்' பொத்தான் உண்டு. அழுத்தினால் உள்ளே இருக்கும் நுண்செயலி எல்லா ஆசிலேட்டரையும் சுருதி சேர்க்கும். சேர்ந்த பிறகு, அதே பலகையில் உள்ள இன்னொரு குமிழைத் திருகி நாம் மறுபடி விலக்கிக்கொள்ளலாம்! சிரிப்பு வந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. தானாக விலகுவது பிழை, நானாக விலக்குவது முடிவு.

தலைவரும் தொண்டரும்

இப்போது சிங்க்.

இதற்கும் பூர்வ கதை உண்டு. 1665இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே மரச் சட்டத்தில் தொங்கிய தன் இரண்டு ஊசல் கடிகாரமும் கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று இசைந்து ஆடுவதைக் கவனித்தார். கலைத்து விட்டாலும் மறுபடி இசைந்தன. சட்டத்தின் வழியே போன சின்ன அதிர்வே காரணம். பிறகு 19ஆம் நூற்றாண்டில் ரேலி பிரபு, ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு ஆர்கன் குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துடிப்பு வராமல் இரண்டும் ஒரே சுருதிக்கு வந்துவிடுவதைப் பதிவு செய்தார். இயற்கையில் நடக்கும் சிங்க் இது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிப் பழகி ஒத்துப்போவது மாதிரி.

சின்தசைசரில் உள்ள சிங்க் அவ்வளவு சாது இல்லை. இதில் ஒரு ஆசிலேட்டர் தலைவர், இன்னொன்று தொண்டர். தலைவர் ஒரு சுற்று முடித்த அந்தக் கணமே, தொண்டர் எந்த நிலையில் இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கேள்வியே கிடையாது. (நம் அரசியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

தாளத்தில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஆதி தாளம், எட்டு அட்சரம். வாசிப்பவர் மூன்று மூன்றாக ஒரு சொல்லை வாசிக்கிறார். நம் முறையில் அவர் தாளத்தைத் தாண்டி ஓடுவார், மூன்று ஆவர்த்தனம் போய் இருபத்து நான்காவது அட்சரம் முடிந்ததும் சமத்தில் வந்து அழகாகச் சேர்வார். சிங்க் போட்டால் அது நடக்காது. மூன்று, மூன்று, இரண்டு... சமம் வந்துவிட்டது, வெட்டு! மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சொல் ஒவ்வொரு முறையும் கடைசி அட்சரம் இல்லாமல் முறிந்து போகும்.

இதனால் என்ன ஆகிறது? தலைவர் நொடிக்கு 100 சுற்று, தொண்டர் 250 என்று வைத்தால், ஒவ்வொரு தலைவர் சுற்றிலும் தொண்டருக்கு இரண்டரைச் சுற்றுதான் கிடைக்கும். அந்த இரண்டரைச் சுற்று வடிவம்தான் நொடிக்கு 100 முறை அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே காதுக்குக் கேட்கும் சுருதி 100தான். தொண்டரை 250லிருந்து 400 வரை நகர்த்திப் பாருங்கள். சுருதி அசையாது, துடிப்பும் வராது. ஆனால் முறியும் இடம் மாறிக்கொண்டே போவதால் ஓசையின் நிறம் மாறும். மூக்கால் பேசுவது போல ஆரம்பித்து, கிழிந்து, அலறி, கூர்மையாகும். உலோகத்தைச் சாணை பிடிப்பது மாதிரி ஒரு சத்தம்.

1972இல் வந்த ஆர்ப் ஒடிசியிலேயே இந்த வசதி இருந்தது. ப்ராஃபெட்-5 அதைப் பிரபலம் ஆக்கியது. 1979இல் 'தி கார்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டில் ஊரெல்லாம் கேட்டது அந்த அலறல்.

டிட்யூனும் சிங்கும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் எதிரெதிர்த் தத்துவம். டிட்யூனில் இரண்டு குரலும் தன் போக்கில் போகும், அதனால் கூட்டம் போலக் கேட்கும். சிங்கில் இரண்டாவது குரலுக்குச் சொந்தப் போக்கே இல்லை, அதனால் ஒரே ஆள் போலக் கேட்கும், ஆனால் அந்த ஆள் கோபத்தில் இருப்பார்.

இருபது வயலினும் ஒரு குமிழும்

இந்தக் கதையில் மனிதர்கள் வரும் இடம் இனிமேல்தான்.

சினிமாப் பாட்டில் பின்னால் விரியும் அந்த வயலின் கடலை நினைத்துப் பாருங்கள். ஒரே வரியை இருபது பேர் வாசிக்கிறார்கள். இருபது பேருக்கும் விரல் வைக்கும் இடம் நூலிழை வேறு, கை நடுக்கம் வேறு. அந்த இருபது சின்ன விலகல்தான் கடல். ஒரு வயலினின் சத்தத்தை மட்டும் இருபது மடங்கு கூட்டினால் கடல் வராது, பெரிய சத்தமுள்ள ஒரு வயலின்தான் வரும்.

1970களின் நடுவில் சொலினா என்ற ஸ்ட்ரிங் கருவி வந்தது. ஒரே ஓசையைப் பிரித்து, மெல்ல ஏறி இறங்கும் தாமதத்தில் அனுப்பி, மறுபடி சேர்ப்பார்கள். அதனால் விலகிய பல குரல் போலக் கேட்கும். ஒரு ஆள், இரண்டு கை, பின்னால் 'வயலின் கூட்டம்'. கூட்டத்தின் ரகசியம் விலகல்தான் என்று தெரிந்த உடனே, கூட்டம் இல்லாமலே விலகலை மட்டும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

யாருக்கு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1982இல் பிரிட்டனில், பாடகர் பேரி மேனிலோ தன் சுற்றுப்பயணத்தில் இசைக்குழுவுக்குப் பதில் சின்தசைசர் வைத்துக்கொண்டதை ஒட்டி, இசைக் கலைஞர்கள் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சின்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானமே போட்டது. தடை நிற்கவில்லை.

அதே 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற ஸ்டுடியோ கலைஞர் ரோலண்டு ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று கருவியோடு தனியாக உட்கார்ந்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஜூபிட்டரில் எட்டுக் குரல், குரலுக்கு இரண்டாக 16 ஆசிலேட்டர், சிங்க் வசதியும் உண்டு. டிபி-303இல் ஒரே ஒரு ஆசிலேட்டர்தான். அப்போது அந்த ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 2015இல் மறைந்தார்.

கோடம்பாக்கத்தில் 1986 ஒரு விசித்திரமான வருடம். அந்த வருடம்தான் நான் மேலே சொன்ன இரண்டு எல்லைக்காரர்களும், எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும், 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். அதே வருடம் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். ஒரு பக்கம் இரண்டு மேதைகள் ஒரே படத்தில். இன்னொரு பக்கம் ஒரு பெட்டிக்குள் எட்டுக் குரல்.

அந்தக் கணினியின் ஒலிச் சில்லு டிஜிட்டல். மோக் மாதிரி சூட்டுக்கு நகராது, சொன்ன சுருதியில் நிற்கும். ஆனால் சில்லைச் செய்தவர்கள், ஒவ்வொரு குரலுக்குள்ளும் இருக்கும் நான்கு அலைப் பகுதிக்கும் தனித்தனியாக விலகல் அமைப்பை வைத்தார்கள், அதுவும் இரண்டு விதமாக! நகராத ஆசிலேட்டருக்காகப் பாடுபட்டவர்கள், நகராமல் நின்றதும் நகர்த்த வழி செய்தார்கள். இன்றைய மென்பொருள்களில் 'டிரிஃப்ட்' என்றே ஒரு குமிழ் இருக்கிறது. பழைய கருவி சூட்டில் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தது. தொல்லையைக் கூட ஏக்கத்தோடு நினைக்கிற ஜாதி நாம்.

இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே.சேகர் 1976இல் இறந்தார். அவர் வைத்திருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அவர் பையன் சிறு வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போய், 1989இல் வீட்டு வளாகத்திலேயே ஒரு ஸ்டுடியோ கட்டி, 1992இல் 'ரோஜா' கொடுத்தார். ஏ.ஆர்.ரஹ்மான். ஒரே கருவி, பல வயலின்காரர்களுக்குப் பதிலாக நின்றது. அதே கருவி, அப்பா இல்லாத ஒரு வீட்டுக்குச் சோறும் போட்டது. யாரைக் குற்றம் சொல்வது?

1990களில் உண்மையான வயலின் ஓசையையே பதிந்து வைத்து வாசிக்கும் சாம்பிளர்களும் வந்துவிட, தினம் தினம் ஸ்டுடியோ வாசலில் வயலின் பெட்டியோடு இறங்கியவர்களுக்கு வேலை குறைந்தது. 1996இல் வந்த ரோலண்டு ஜேபி-8000 ஒரு படி மேலே போனது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்றுக்கொன்று விலகிய ஏழு அலைகள் ஒன்றாக வரும். 'சூப்பர் சா' என்று பெயர். இன்று உங்கள் பிள்ளை கேட்கும் நடனப் பாட்டில் வானத்தைப் பிளக்கும் அந்தச் சத்தம் பெரும்பாலும் இதன் வாரிசுதான்.

ஆனால் ஒன்று. ஏழு அலையின் விலகல் எப்போதும் அதே ஏழு விலகல். இருபது வயலின்காரர்களில் ஒருத்தருக்கு அன்று காலை வீட்டில் சண்டை, ஒருத்தருக்கு அந்த ராகம் ரொம்பப் பிடிக்கும், ஒருத்தர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுச் சரிசெய்துகொண்டே வாசிப்பார். ரேலியின் குழாய்கள் மாதிரி நெருங்குவதும், நாதஸ்வரம் மாதிரி விலகுவதும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கிறது. குமிழுக்கு விலகத் தெரியும், பக்கத்து ஆளைக் கேட்கத் தெரியாது.

வீட்டில் செய்து பார்க்க

சரி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். எது சரி?

சுருதி சேர்க்கப் பழகும் காலத்தில் துடிப்பு இல்லாமல் பழக வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். பாட்டுப் பயிற்சிக்குக் கீபோர்டில் ஸட்ஜத்தை அழுத்தி வைத்துக்கொள்பவர்கள், அதில் 'கோரஸ்', 'டிட்யூன்' எதுவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணையுங்கள். ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் சுருதியோடு எதைச் சேர்ப்பது? அதை விட நல்ல தம்புரா ஒலி மேல்.

கீபோர்டே ஏற்கனவே கொஞ்சம் விலகியதுதான் என்பதையும் காட்டுங்கள். ஒரு கட்டை ஸட்ஜத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினால், கீழ் ஸ்தாயியில் இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பு அளவுதான், கிட்டத்தட்டத் தெரியாது. அதே ஸட்ஜத்தோடு அந்தர காந்தாரத்தை அழுத்தினால் நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். கீபோர்டின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். பாட்டு டீச்சர் "கீபோர்டைப் பார்த்துப் பாடாதே" என்று சொல்வது வெறும் பழைய பஞ்சாங்கம் இல்லை.

அப்புறம் சின்தசைசரைத் திறக்கச் சொல்லுங்கள். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று சோதனை போதும்.

ஒன்று: இரண்டு ஆசிலேட்டர், இரண்டிலும் ரம்பப்பல் அலை, விலகல் சுழியம். ஒரே குரல் கேட்கும். ஒன்றை மட்டும் 5 சென்ட் நகர்த்துங்கள். துடிப்பை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு ஸ்தாயி மேலே போய் மறுபடி எண்ணச் சொல்லுங்கள், இரண்டு மடங்கு இருக்கும்.

இரண்டு: 25 சென்ட் வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் அலை முடிந்து அபஸ்வரம் ஆரம்பிக்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும். வீட்டில் ஆளாளுக்கு வேறு இடம் சொல்வார்கள், ஒரு சண்டையும் கிளம்பும்.

மூன்று: விலகலைச் சுழியமாக்கி, சிங்க் போட்டு, இரண்டாவது ஆசிலேட்டரின் சுருதியைக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். கூடவே அந்த ஸட்ஜத்தைப் பாடச் சொல்லுங்கள். ஓசை என்ன கத்துக் கத்தினாலும் பாடுகிற சுருதி மாறத் தேவையில்லை என்பதைத் தொண்டையே கண்டுகொள்ளும்.

இந்த மூன்றும் செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. முடித்த பிறகு பழைய பாட்டு ஒன்றைப் போடுங்கள். 1970களில் வந்தது எதுவானாலும் சரி, எம்.எஸ்.வி.யோ ராஜாவோ. வயலின்கள் எழும்பும் இடத்தில் நிறுத்தி, "இதில் எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேளுங்கள். எண்ணிக்கை சரியாக வராது. ஆனால் ஒருத்தர் இல்லை என்பது மட்டும் பிள்ளைக்கு நிச்சயம் தெரிந்துவிடும்.